கச்சான் வீசும் கடலில் கயாக்: திருக்கோவில் கரையில் காற்றை வாசித்தல்

திருக்கோவில் கடற்கரையில் நின்று நேர்கிழக்கே ஒரு கோடு கீறினால், அந்தக் கோடு அடுத்ததாகத் தொடும் கரை பெரிய நிக்கோபார் தீவு. ஏறக்குறைய 1,300 கிலோ மீற்றர். இடையில் ஒதுங்குவதற்கு ஒரு மணல் திட்டும் இல்லை. 2004 டிசெம்பர் 26 காலையில் அந்தத் திசையிலிருந்துதான் கடல் எழுந்து வந்தது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது.

இந்தக் கடலில் இப்போது கயாக் விடுவதற்கு ஆட்கள் வருகிறார்கள். அதனால்தான் அந்தத் தூரத்தை முதலிலேயே சொல்லிவைத்தேன்.

வருகிறவர்களில் பெரும்பாலோர் சோடிகள். கொழும்பிலிருந்து இரண்டு நாள் லீவில் வருகிறவர்கள், கல்முனை, சாய்ந்தமருது, அக்கரைப்பற்றுப் பக்கத்துப் புது மாப்பிள்ளை பெண், லண்டனிலும் ரொறன்ரோவிலும் பிறந்து வளர்ந்து அம்மம்மாவின் ஊரைப் பார்க்க வந்த பிள்ளைகள். உல்லைக்குப் போய் அலையைப் பார்த்துவிட்டு, பொத்துவில் களப்பில் தோணி ஏறிவிட்டு, கயாக் ஒன்று கிடைத்தால் கடலிலும் ஒரு சுற்றுப் போகலாம் என்று நினைப்பவர்கள். அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "வானிலை எப்படி இருக்கும்?" ஊரில் கிடைக்கும் பதில், "அத ஆரு சொல்ற? சொல்ல ஏலாது."

இந்தப் பதில் எனக்கு ஒத்துவருவதில்லை. இந்தக் கரையின் வானிலையில் சொல்ல முடியாதது ஒரு சிறிய பங்குதான். ஒரு பங்கு, பள்ளிக்கூட மணி அடிப்பது போல நேரத்துக்கு வருவது. இன்னொரு பங்கு, இரண்டு மூன்று நாட்களுக்கு முன்பே ஆள் அனுப்பிச் சொல்லிவிட்டு வருவது. மிஞ்சியதுதான் உண்மையில் பிடிபடாதது. எது எது என்று பிரித்தறியாதவர்களுக்கு மூன்றுமே திடீரென்று வந்ததாகத்தான் தெரியும்.

நேரத்துக்கு வருவது: கச்சான்

கச்சான் என்றதும் சுருளில் கட்டிய வறுத்த கச்சான் நினைவுக்கு வருகிற தலைமுறை இது. நான் சொல்வது காற்றை. மே மாதத்தில் தென்மேல் பருவக்காற்றுத் தொடங்கியதும் எங்கள் பக்கம் மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் அடிக்கிற, உதட்டை வெடிக்க வைக்கும் வறண்ட காற்று. செப்டெம்பர் வரை விட்டு விட்டு இருக்கும்.

அது ஏன் வறண்டு வருகிறது? தென்மேல் பருவக்காற்று ஈரத்தோடுதான் இலங்கைக்கு வருகிறது. மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவில் ஏறும்போது அந்த ஈரத்தை மழையாகக் கொட்டிவிடுகிறது. மலையைத் தாண்டி ஊவாப் பக்கம் இறங்கும்போது காற்று அமுக்கப்பட்டுச் சூடாகிறது. ஒவ்வொரு 100 மீற்றர் இறக்கத்துக்கும் கிட்டத்தட்ட 1 பாகை செல்சியஸ் கூடும். மொனராகலை, சியம்பலாண்டுவை தாண்டி எங்கள் வட்டைகளுக்கு வந்து சேரும்போது அது சூட்டடுப்பின் வாயிலிருந்து வருகிற காற்றுப் போல இருக்கும். வேளாண்மைக்காரனுக்கு அது உதவி. யாலபோக அறுவடையில் பொலி தூற்றியவர்கள் இந்தக் காற்றைக் காத்திருந்து தூற்றினார்கள். கடலில் சிறு படகோடு நிற்பவருக்கு அது வேறு.

முதலாவது, அதன் நேரம். இரவில் தரை குளிர்ந்து, நிலத்தை ஒட்டி ஒரு கனத்த குளிர்ந்த காற்றுப் படை படுத்துக்கொள்ளும். மேலே கச்சான் ஓடிக்கொண்டே இருக்கும். கீழே நமக்குத் தெரியாது. அதனால் விடிகாலை ஆறு மணிக்குக் கடற்கரைக்குப் போனால் இலை அசையாது. வெயில் ஏறித் தரை சூடாகியதும் அந்தப் படை கலைகிறது. மேலே ஓடிய காற்று ஒன்பது, பத்து மணியளவில் கீழே இறங்குகிறது. ஒரு அரை மணித்தியாலத்துக்குள் அமைதி போய்க் காற்று வந்துவிடும். விடிகாலையைப் பார்த்து அந்த நாளை எடைபோட்டவருக்கு, வானிலை "திடீரென்று மாறிவிட்டது". கரையில் வளர்ந்தவருக்கு அது மாறவில்லை. வந்து சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இரண்டாவது, அதன் திசை. இதுதான் ஆளைக் கொல்வது. கச்சான் தரையிலிருந்து கடலுக்கு அடிக்கிறது. அலை எழும்புவதற்குக் காற்றுக்கு ஓட்டத் தூரம் வேண்டும். கரையை ஒட்டிய நீரில் அந்தத் தூரம் இல்லை; தென்னையும் மணல்மேடும் வேறு மறைக்கின்றன. ஆகவே கடல் குளம் போலக் கிடக்கும். தூரத்தில் அலை எழும்பினாலும் கரையில் நிற்பவருக்கு அலையின் முதுகுதான் தெரியும். நுரை உடைந்து விழும் முகம் அந்தப் பக்கம். நூறு மீற்றர் போனால் பரவாயில்லை என்று தோன்றும், முந்நூறு போனாலும் தோன்றும். திரும்புகிற போதுதான் காற்று முகத்தில் அறையும்.

ஒரு சின்னக் கணக்கு. பழக்கமில்லாத இருவர் இரட்டைக் கயாக்கில் அமைதியான நீரில் மணிக்கு 4 அல்லது 5 கிலோ மீற்றர் போவார்கள். காற்றின் தள்ளுவிசை அதன் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். மணிக்கு 15 கிலோ மீற்றர் காற்று 30 ஆனால், தள்ளுவது இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்கு. 15இல் சிரித்துக்கொண்டு வலித்தவர்கள் 30இல் முழுப் பலத்தோடு வலித்தும் நின்ற இடத்திலேயே நிற்பார்கள். களைத்துத் துடுப்பை மடியில் வைத்தால் படகு கிழக்கே போகத் தொடங்கும். ஒரு மணித்தியாலத்தில் ஒன்றிரண்டு கிலோ மீற்றர். எங்கள் பக்கம் கண்டமேடை ஒடுங்கியது. நீர் விரைவில் ஆழமாகிவிடும். சிறு நங்கூரம் வைத்திருந்தாலும் அதிக தூரத்துக்குப் பயன்படாது.

நான்கு மாதம் கச்சான் வீசுகிற காலமும், உல்லையில் சுற்றுலாப் பயணிகள் நிறைகிற காலமும், வெளிநாட்டுப் பள்ளிக்கூட விடுமுறையும் ஒன்றாகவே வருகின்றன என்பதைச் சேர்த்துப் பாருங்கள். சித்திர வேலாயுத சுவாமி கோவிலின் ஆடி அமாவாசைத் தீர்த்தமும் இந்தக் காலத்தில்தான். ஆயிரக்கணக்கானோர் கடலில் இறங்கித் தீர்த்தமாடுகிறார்கள். கரையோர அலை பெரும்பாலும் தணிந்திருப்பது அவர்களுக்கு வசதி. கால் மணலில் ஊன்றி நிற்கிறவருக்கு இந்தக் கடல் நல்ல கடல். கால் ஊன்றாதவருக்கு இதே கடல் எதிரி.

தெரிந்தவர்கள் எங்கே போனார்கள்?

இதெல்லாம் எங்கள் ஊர்க் கடற்றொழிலாளிக்குப் புதிதல்ல. பின்னிரவில் தரையிலிருந்து வீசும் மெல்லிய காற்றோடு வெளிக்கிட்டு, பகலில் கடல்காற்று எழும்போது அதோடு திரும்பி வருவது பாய் கட்டிய காலத்துப் பாடம். கச்சான் பலமாக இருக்கும் நாளில் கடல்காற்று பிந்தும், அல்லது வராது என்பதும் அந்தப் பாடத்தில் இருந்தது. அதைப் புத்தகத்தில் யாரும் எழுதவில்லை. இருட்டில் தகப்பனோடு தோணியில் இருந்த பிள்ளை படித்துக்கொண்டது.

பிறகு கடல் பூட்டப்பட்டது. யுத்த காலத்தில் கடலுக்குப் போகப் பாஸ் வேண்டும். போகும் நேரம், வரும் நேரம், இயந்திரத்தின் வலு எல்லாவற்றுக்கும் கட்டுப்பாடு. இரவில் போக முடியாத நாட்கள் எத்தனை என்று எண்ண முடியாது. பின்னிரவுக் காற்றைப் படிக்க வேண்டிய வயதில் எங்கள் தலைமுறை வீட்டுக்குள் விளக்கை அணைத்துக்கொண்டு இருந்தது. கிழக்கில் 2007இல் சண்டை ஓய்ந்தது; நாடு முழுவதும் 2009இல். அதற்கு முன்னமே சுனாமி வந்து, தப்பிய தாய்மாரில் பலர் பிள்ளைகளைக் கடற்கரைக்கே விடாமல் வளர்த்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எவருக்கும் உரிமை இல்லை.

ஆக, இருபது முப்பது ஆண்டுகள் ஒரு கரை தன் கடலை விட்டு விலகி இருந்திருக்கிறது. வீடுகளையும் ஆட்களையும் இழந்ததைக் கணக்கெடுத்தோம். காற்றின் பெயர்கள் போனதை யாரும் கணக்கெடுக்கவில்லை. கச்சான், வாடை, கொண்டல் என்று திசையைச் சொல்லாமலே திசை சொன்ன சொற்கள் இப்போது அறுபதைத் தாண்டியவர்களின் வாயில்தான் இருக்கின்றன. புலம்பெயர்ந்து போனவர்களின் பிள்ளைகள் இன்று கயாக்கோடு திரும்பி வருவதில் எனக்கு மகிழ்ச்சிதான். கடலைப் பார்த்துப் பயப்படாமல் ஒரு தலைமுறை வந்திருக்கிறது. ஆனால் அவர்களுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்வதற்கு இடையில் ஒரு தலைமுறை இல்லை.

ஒரு ஜூலை மாதம்

என் தங்கையின் மகளும் அவளுடைய கணவரும் ரொறன்ரோவிலிருந்து வந்திருந்தார்கள். ஒன்டாரியோவின் ஏரிகளில் கயாக் வலித்துப் பழகியவர்கள், நன்றாக நீந்தத் தெரிந்தவர்கள். உமிரிப் பக்கம் கடற்கரையில் காலை ஏழு மணிக்கு நின்றுகொண்டு, "மாமா, கடல் குளம் மாதிரிக் கிடக்கே, இதுக்கு ஏன் யோசிக்கிறீங்க?" என்று மருமகள் கேட்டாள். அவளுடைய பார்வையில் அது நியாயமான கேள்வி. ஏரியில் காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் கடைசியில் ஒரு கரையில் கொண்டுபோய் விடும். அந்த நம்பிக்கை உடம்பில் ஊறியிருக்கிறது.

பக்கத்தில் வலை பொத்திக்கொண்டிருந்த ஒரு வயதான தொழிலாளி தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "மகள், கடலப் பாக்காதீங்க. தென்னோலையப் பாருங்க. ஓல எந்தப் பக்கம் கைய நீட்டுதோ அந்தப் பக்கம்தான் வள்ளமும் போகும்."

அந்த நேரம் ஓலை அசையவில்லை. அவர் எட்டரை மணி வரை இருந்து பார்க்கச் சொன்னார். எட்டே முக்காலுக்கு மேல் ஓலைகள் எல்லாம் கிழக்கே நீட்டின. ஒன்பதரைக்குத் தொப்பி பறந்தது. மருமகன் தொலைபேசியை எடுத்து வானிலைச் செயலியைப் பார்த்தார். காலை ஆறு மணிக்கே அது காற்று வரும் நேரத்தைக் காட்டியிருந்தது. அதைப் பார்த்தும் கடலைப் பார்த்தும் கடலையே நம்பியிருக்கிறார். மறுநாள் விடிய இருவரும் களப்புக்குப் போனார்கள். அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

இரட்டைக் கயாக்கை வெள்ளைக்காரர்கள் பகிடியாக "விவாகரத்துப் படகு" என்பார்கள். முன்னால் இருப்பவர் ஒரு தாளத்தில் வலிக்க, பின்னால் இருப்பவர் இன்னொரு தாளத்தில் வலிக்க, துடுப்போடு துடுப்பு மோதிச் சண்டை வரும் என்பதால். பலமுள்ளவர், திசை திருப்பத் தெரிந்தவர் பின்னால் இருக்க வேண்டும். முன்னால் இருப்பவர் தாளம் வைக்க வேண்டும். அது பெண்ணா ஆணா என்பது படகுக்குத் தேவையில்லாத விடயம். பகிடி ஒரு பக்கம் இருக்க, இரட்டைப் படகில் உண்மையான சிக்கல் வேறு. கணவனும் மனைவியும் ஒரே படகில் போனால், அவர்கள் திரும்பவில்லை என்று கவலைப்பட வேண்டிய முதல் ஆளும் அந்தப் படகிலேயே இருக்கிறார்.

லைம் குடாவில் நடந்தது

தரையிலிருந்து கடலுக்கு அடிக்கும் காற்று என்ன செய்யும் என்பதற்கு இங்கிலாந்தில் ஒரு கசப்பான உதாரணம் உண்டு. 1993 மார்ச் 22 அன்று பிளிமத்தைச் சேர்ந்த பள்ளி மாணவர் எட்டுப் பேர், ஓர் ஆசிரியர், இரண்டு பயிற்றுநர்கள் லைம் ரீஜிஸ் என்ற இடத்திலிருந்து சார்மத் வரை கயாக்கில் புறப்பட்டார்கள். கரையோரமாக மூன்று கிலோ மீற்றர் அளவிலான பயணம். தரைக்காற்று அவர்களைக் கரையிலிருந்து பிரித்து வெளியே தள்ளியது. வெளியே அலை பெரிதாகியது. படகுகள் கவிழ்ந்தன. அவர்கள் வரவேண்டிய நேரம் கடந்து பல மணித்தியாலங்கள் கழித்தே மீட்புப் பணி தொடங்கியது. குளிர்ந்த நீரில் கிடந்து நான்கு பிள்ளைகள் இறந்தார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் நாங்கள் கவனிக்க வேண்டியது. பயணத்தை நடத்திய நிறுவனத்தின் மீது மனிதக் கொலைக் குற்றம் நிரூபிக்கப்பட்டு அதன் நிர்வாகி சிறைக்குப் போனார். 1995இல், இளையோரைச் சாகச விளையாட்டுகளுக்குக் கூட்டிச் செல்லும் நிலையங்களுக்கு அனுமதிப்பத்திரத்தைக் கட்டாயமாக்கப் பிரித்தானிய நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. காற்றை எவரும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை. காற்றை அறிந்திருக்க வேண்டியவர்களைத்தான் கேட்டார்கள்.

எங்கள் கடல் நீர் குளிரால் கொல்லாது. அது ஒரு வாய்ப்பு. ஆனால் வெயில், தாகம், தூரம் மூன்றும் கொல்லும்.

களப்பு வேறு, கடல் வேறு

திருக்கோவிலில் இருந்து கோமாரி, பொத்துவில் என்று தெற்கே போகும்போது வீதிக்கும் கடலுக்கும் இடையிலும் வீதிக்கு மேற்கிலும் களப்புகள் வருகின்றன. கச்சான் காலத்தில் கயாக் விட விரும்புகிறவருக்கு என் பரிந்துரை களப்புதான். காரணம் எளிது. காற்றுத் தள்ளினால் களப்பின் கிழக்குக் கரையில், கண்டல் வேரிலோ மணற்றடுப்பிலோ கொண்டுபோய் முட்டும். அவமானம்தான், ஆபத்தல்ல. இறங்கி நடந்து வரலாம்.

என் மருமகளும் கணவரும் காலை ஆறு மணிக்கு இறங்கி எட்டரைக்குக் கரையேறிவிட்டார்கள். நாரையும் கொக்கும் மீன்கொத்தியும் பார்த்தார்கள், ஒரு முதலையின் முதுகையும் பார்த்தார்கள். முதலை ஒரு பகிடியல்ல. எங்கள் களப்புகளில் முதலை உண்டு. கண்டல் புதருக்குள் நுழைவது, கரையில் காலைத் தொங்கவிட்டு இருப்பது, பொழுதுபட்ட பிறகு நீரில் நிற்பது எல்லாம் அங்கே தினமும் தொழில் செய்பவரைக் கேட்டுத்தான். பொத்துவில் களப்பில் உள்ளூர்த் தொழிலாளர்களே தோணியில் ஆட்களைக் கூட்டிச் செல்கிறார்கள். முதல் தடவை அவர்களோடு தோணியில் போய், இடத்தைக் கண்ணால் பார்த்துவிட்டு, அடுத்த நாள் கயாக் எடுப்பது நல்ல ஒழுங்கு.

களப்பிலும் ஓர் இடம் விலக்கு: முகத்துவாரம். கோடையில் மணல் அடைத்து, நடந்து கடக்கிற மாதிரிக் கிடக்கும். மாரி மழைக்குக் களப்பு நிறைந்து மணலை உடைக்கும், அல்லது வயல் தாழாமல் இருக்க ஆட்கள் வெட்டிவிடுவார்கள். அப்போது களப்பு முழுவதும் அந்த ஒடுங்கிய வாயால் கடலுக்கு ஓடும். வெளியே கடல் அலை எதிர்த்து அடிக்கும். இரண்டும் சந்திக்கிற இடத்தில் கயாக் என்ன, இயந்திரப் படகே தடுமாறும். களப்பில் பாதுகாப்பாகத்தானே இருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டே ஒருவர் கடலுக்குள் போய்விடக் கூடிய ஒரே வழி இது.

பிடிபடாதது: இடிமுகில்

வளிமண்டலவியல் திணைக்களத்தின் அன்றாட அறிக்கையில் அடிக்கடி கேட்கும் ஒரு வரி, கிழக்கு, ஊவா மாகாணங்களில் பிற்பகலில் அல்லது இரவில் இடியுடன் கூடிய மழை பெய்யலாம் என்பது. கேட்டுக் கேட்டு அது காதில் விழாமல் போய்விட்டது. உண்மையில் அந்த வரி இந்த வானிலையைச் சரியாகவே சொல்கிறது. எந்த மாகாணம், எந்த நேரத்துக்குப் பிறகு என்பதுவரை சொல்ல முடியும். எந்த ஊர், எத்தனை மணி என்பது முகில் எழும்பிய பிறகுதான் தெரியும். பிடிபடாத பங்கு என்று மேலே சொன்னது இதைத்தான்.

மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பர் தொடக்கத்திலும், இரண்டு பருவக்காற்றுக்கும் இடைப்பட்ட காலத்தில், இது உச்சத்தில் இருக்கும். காலையில் கடல் எண்ணெய் ஊற்றியது போல இருக்கும். கயாக்குக்கு ஆண்டின் மிக அழகான காலைகள் இவைதான். மத்தியானத்துக்குப் பிறகு மேற்கே வெள்ளைக் கோபுரம் போல முகில் வளரும். அதன் அடி கறுத்து, அதுவரை இருந்த காற்று சட்டென்று நின்று, குளிர்ந்த காற்று ஒன்று முகத்தில் படுமானால் உங்களிடம் மிச்சம் இருப்பது சில நிமிடங்கள்தான். இடிமுகிலுக்குள்ளிருந்து மழையோடு கீழே விழும் காற்று தரையில் மோதி எல்லாப் பக்கமும் விரிகிறது. அது வருவதற்கு முன் கரையில் இருக்க வேண்டும்.

மின்னலைப் பற்றி ஒன்று. விரிந்த நீர்ப்பரப்பில் கயாக்கில் நிமிர்ந்திருக்கும் மனிதர்தான் ஆக உயரமான பொருள். மின்னலைக் கண்டதிலிருந்து இடி கேட்கும் வரை எண்ணுங்கள். மூன்று செக்கனுக்கு ஒரு கிலோ மீற்றர். முப்பது எண்ணுவதற்குள் கேட்டால் அது பத்து கிலோ மீற்றருக்குள் வந்துவிட்டது; நீரில் இருக்கக் கூடாது. கடைசி இடி கேட்டு அரை மணித்தியாலம் போகும் வரை திரும்ப இறங்கவும் கூடாது. தனித்த தென்னைக்குக் கீழே ஒதுங்குவது நீரில் இருப்பதைவிடப் பெரிதாக நல்லதல்ல. வீடு, அல்லது கதவை மூடிய வாகனம்.

சொல்லிவிட்டு வருவது: மாரி

நவம்பர் முதல் ஜனவரி வரை வாடைக் காலம். காற்று கடலிலிருந்து கரைக்கு அடிக்கும், அலை கரையில் உடையும், கயாக்கை இறக்கவே முடியாது. இந்த மாதங்களில் கடலில் பொழுதுபோக்கு வேண்டாம் என்பதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை. ஆனாலும் புயல்கள் இந்தக் காலத்துக்கு உரியவை என்பதால் சில வரிகள்.

1978 நவம்பர் 23, 24இல் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியைக் கண்டவர்கள் இன்னும் எங்கள் இடையில் இருக்கிறார்கள். தென்னந்தோப்புகள் வரிசையாகப் படுத்துக் கிடந்ததை அவர்கள் வாயால் கேட்டிருக்கிறேன். அன்று பெரும்பாலானோருக்கு முன்னறிவிப்பு என்று ஒன்று போய்ச் சேரவில்லை. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலில் நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலானவர்கள் கரையில் அல்ல, மலையில், மண்சரிவில். 2024 நவம்பர் 26 அன்று, பின்னர் பெங்கல் என்று பெயர் பெற்ற தாழமுக்கத்தின் மழை வெள்ளத்தில், காரைதீவுக்கும் மாவடிப்பள்ளிக்கும் இடையில் மதரசாப் பிள்ளைகள் ஏறிய உழவு இயந்திரத்தை நீர் இழுத்துக்கொண்டு போனது. வீதியைத் தெரிந்தவர்கள், தினமும் போய் வந்த வீதி. ஓடும் நீர் முழங்காலளவு இருந்தாலே ஆளைச் சாய்க்கும். வாகனத்தை நகர்த்தவும் அதிகம் வேண்டியதில்லை. களப்பாக இருந்தாலும் வீதியாக இருந்தாலும் நீர் நீர்தான் செய்யும்.

புறப்படுவதற்கு முன்

கடற்பிரதேச வானிலை அறிக்கையைக் கேட்பவர்கள் ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும். அறிக்கை கடலைத் துண்டு துண்டாகப் பிரித்துச் சொல்கிறது. பொத்துவில் ஒரு எல்லைக்கல். திருகோணமலையிலிருந்து மட்டக்களப்பு ஊடாகப் பொத்துவில் வரை ஒரு துண்டு. பொத்துவிலிலிருந்து அம்பாந்தோட்டைப் பக்கம் இன்னொன்று. திருக்கோவில் வடக்குத் துண்டில், எல்லைக்குச் சுமார் முப்பது கிலோ மீற்றர் தள்ளி இருக்கிறது. கச்சான் காலத்தில் பலத்த காற்று எச்சரிக்கை பெரும்பாலும் தெற்குத் துண்டுக்குத்தான் முதலில் வரும். "எங்கட பக்கத்துக்குச் சொல்லல்லையே" என்று இருந்துவிடக் கூடாது. காற்றுக்குப் பொத்துவில் தெரியாது. இரண்டு துண்டையும் கேளுங்கள். மணிக்கு 20 கிலோ மீற்றருக்கு மேல் காற்று என்றால் புதியவர்களுக்குக் கடல் இல்லை. தரையிலிருந்து அடிக்கும் காற்று என்றால் அதைவிடக் குறைவானாலும் இல்லை.

உயிர்காப்பு அங்கியைப் படகில் கட்டி வைப்பவர்களைக் கண்டிருக்கிறேன். கவிழ்ந்த பிறகு நீருக்குள் அதைப் போட்டுப் பாருங்கள், ஏன் உடம்பில் போட வேண்டும் என்பது விளங்கும். வாரை இறுக்கி, தோளில் பிடித்து இன்னொருவர் மேலே இழுத்தாலும் காதுவரை வராத அளவான அங்கி. கழுத்தில் ஒரு விசில். தொலைபேசி நீர் புகாத பையில், உடம்போடு. தொப்பி, ஆளுக்கு இரண்டு லீற்றர் தண்ணீர். கவிழ்ந்தால் படகை விடக் கூடாது. கரை கிட்டத்தில் தெரிகிறது என்று நீந்தப் புறப்படுவதுதான் பலரின் கடைசி முடிவு. கவிழ்ந்த கயாக் மிதக்கும், அதன் நிறம் தூரத்துக்குத் தெரியும்; நீரில் ஒரு தலை தெரியாது.

திரும்ப முடியாத காற்றில் மாட்டினால் நேராகக் கரையை நோக்கி வலித்துப் பலத்தை எரிக்க வேண்டாம். உடம்பைத் தாழ்த்தி, குறுகிய வலிப்புகளாக, கரையோடு சாய்வாக, காற்று மறையும் ஒரு மணல்மேட்டையோ தோப்பையோ குறி வைத்துப் போங்கள். முடியவில்லை என்று தெரிந்தவுடன், மிகவும் களைப்பதற்கு முன்பே, அழைப்பை எடுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. அதைவிட விரைவாக வரக் கூடியவர் கரையில் இயந்திரப் படகோடு நிற்கும் கடற்றொழிலாளி. புறப்படும் முன் அவரிடம் சென்று, யார், எத்தனை பேர், எந்தப் பக்கம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று சொல்லி, அவருடைய இலக்கத்தை வாங்கிக்கொள்ளுங்கள். இதற்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. திரும்பி வந்ததும் வந்துவிட்டோம் என்று சொல்லத்தான் வேண்டும். இல்லாவிட்டால் அவர் வலையை விட்டுவிட்டுத் தேடிப் போவார்.

கயாக் வாடகைக்குக் கொடுப்பவரிடம் கேட்க வேண்டியவை கொஞ்சம்தான். இன்று எத்தனை மணிக்குக் காற்று எழும்பும்? காற்று எந்தப் பக்கம் அடிக்கும்? நாங்கள் சொன்ன நேரத்துக்கு வராவிட்டால் எத்தனையாவது நிமிடத்தில் தேடுவீர்கள், எந்தப் படகில்? முதல் இரண்டுக்கும் பதில் சொல்லி மூன்றாவதற்கு முழிப்பவரிடம் காசைக் கொடுக்காதீர்கள். கடலுக்குப் போகப் பாஸ் கேட்ட காலத்தில் எங்களுடைய போக்கையும் வரவையும் ஒரு கொப்பியில் நேரத்தோடு எழுதினார்கள். எங்கள் நன்மைக்கு அல்ல. இப்போது வாடகைக் கொட்டிலில் அப்படி ஒரு கொப்பி எங்கள் நன்மைக்காக இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் ஒன்றை வாங்கிக் கொடுத்து முதலாவது வரியில் உங்கள் இரண்டு பெயரையும் எழுதுங்கள், புறப்படும் நேரத்தோடு.